எட்டுக் கிளர்ச்சியாளர்கள்

சென்ற இதழில் ஈராக் போர் பற்றிய ஒரு கேள்விக்கு இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். “அந்தப் போரில் நடந்ததில் பாதிதான் நாம் படித்தோம், அதிலும் பாதி தப்பு” என்று. “அப்படியானால் மீதியைச் சொல்லுங்கள்” என்று நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. 31 வருஷம் ஒரு தமிழ் நாளிதழின் டெஸ்க்கில் உட்கார்ந்து வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்தவன் நான். பாக்தாதுக்குப் போனதில்லை. பாக்தாதிலிருந்து செய்தி ஏஜென்சி அனுப்பியதை நள்ளிரவில் தமிழாக்கியிருக்கிறேன். அந்த இடத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன். இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன். அவற்றை அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஆளை ஒரு பத்திரிகை ‘போராளி’ என்கிறது, இன்னொன்று ‘தீவிரவாதி’ என்கிறது, மூன்றாவது ‘கிளர்ச்சியாளர்’ என்கிறது. எது சரி?
– இதழியல் மாணவி, திண்டுக்கல்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் சீஃப் சப் (தலைமைத் துணை ஆசிரியர்) சொல்லிக்கொடுத்தது: “பேர் வைக்கிறது நம்ம வேலை இல்ல தம்பி. அவன் என்ன செஞ்சான்னு எழுது.” நல்ல பாடம்தான். ஆனால் வெளியூருக்கு முதலில் போகிற டாக் எடிஷன் அவசரத்தில், ஒரு நெடுவரிசை அகலமே உள்ள ஒற்றைக் காலத் தலைப்பில் பதினெட்டு எழுத்துதான் நிற்கும் என்கிறபோது, ஏதோ ஒரு பெயரைப் போட்டுத்தான் தீர வேண்டியிருக்கும்.

ஈராக்கில் அந்தப் பெயருக்காக அமெரிக்க ராணுவத் தலைமையே தங்களுக்குள் முட்டிக்கொண்டது. 2003 ஜூன் கடைசியில், “இது கெரில்லாப் போர் இல்லையா?” என்று நிருபர்கள் கேட்டார்கள். பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் ஒப்புக்கொள்ளவில்லை. ஜூலை 16-ஆம் தேதி, அந்தப் பகுதியின் படைத்தளபதியாகப் பொறுப்பேற்றுச் சில நாள்களே ஆகியிருந்த ஜான் அபிசெய்த், இது கெரில்லாப் போர் வகையைச் சேர்ந்ததுதான் என்று பகிரங்கமாகச் சொன்னார். களத்தைப் பார்க்கிறவருக்கு ஒரு சொல், கேமராவைப் பார்த்துப் பேசுகிறவருக்கு வேறு சொல்.

அதைவிட முக்கியமான நாள் 2005 நவம்பர் 29. அன்று பென்டகனில் நிருபர்களைச் சந்தித்தபோது, வார இறுதியில் தனக்கு ஒரு தெளிவு பிறந்ததாக ரம்ஸ்ஃபெல்ட் சொன்னார். ‘கிளர்ச்சி’ என்ற சொல்லுக்கு இவர்கள் தகுதியானவர்களே அல்ல, ‘ஈராக்கின் சட்டபூர்வ அரசின் எதிரிகள்’ என்று அழைக்க வேண்டும் என்றார். பக்கத்தில் நின்ற முப்படைத் தலைமைத் தளபதி பீட்டர் பேஸ் பேச ஆரம்பித்தார். பேசும்போது ‘கிளர்ச்சியாளர்’ என்ற சொல்தான் வந்தது. வேறு நல்ல சொல் இப்போது தோன்றவில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

சரி, அந்தப் பெயருக்குள் யார் யார் இருந்தார்கள்? 2003 மே மாதம், ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் ஒரே உத்தரவில் ஈராக் ராணுவத்தைக் கலைத்தார். லட்சக்கணக்கானவர்கள் சம்பளம் இல்லாமல், வீட்டில் துப்பாக்கியோடு உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் இருந்தார்கள். அன்பார் மாகாணத்துப் பழங்குடி இளைஞர்கள் இருந்தார்கள். ஷியா தலைவர் முக்ததா அல் சதரின் மெஹ்தி படை தனி. ஜோர்டானிலிருந்து வந்த சர்க்காவியின் கூட்டம் தனி, பின்னால் ஈராக்கின் அல்-காய்தா ஆனது அதுதான். 2003 ஆகஸ்ட் 19-ல் பாக்தாதில் ஐ.நா. அலுவலகத்தின் மேல் வெடிமருந்து லாரியை மோதி, ஐ.நா. சிறப்புத் தூதர் செர்ஜியோ வியெய்ரா டி மெல்லோ உட்பட 22 பேரைக் கொன்றது அந்தக் கூட்டம்தான். அதைச் செய்தவர்களைப் பயங்கரவாதிகள் என்று எழுத எனக்கு அன்றும் தயக்கமில்லை, இன்றும் இல்லை. ஆனால் தன் ஊர்த் தெருவில் வந்து நின்ற கவச வண்டியைச் சுட்டவனுக்கும் அதே பெயரா?

2007-ல் இதற்கு அமெரிக்க ராணுவமே ஒரு பதில் கொடுத்தது. அன்பாரில் நேற்றுவரை ‘கிளர்ச்சியாளர்’ என்றிருந்தவர்களில் பலர் அல்-காய்தாவுக்கு எதிராகத் திரும்பினார்கள். அவர்களுக்கு மாதம் சுமார் 300 டாலர் சம்பளம், ‘ஈராக்கின் புதல்வர்கள்’ என்று புதுப் பெயர். ஆள் அதே ஆள், துப்பாக்கியும் அதே துப்பாக்கி. அதனால்தான் சொல்கிறேன் மகளே, வேலைக்குப் போன பிறகு பெயரை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பிடித்துக்கொள். சுட்டார், கடத்தினார், குண்டு வைத்தார், பள்ளிக்கூடத்தை எரித்தார். யார் சொன்னார்கள் என்பதையும் கூடவே எழுது.

31 வருஷத்தில் நீங்களே தெரியாமல் பொய்ச் செய்தி எழுதியது உண்டா? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தென்காசி

உண்டு ஐயா. இருபது வருஷமாக மனதில் கிடக்கிறது.

2005 நவம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு நைட் டூட்டி. வெளிநாட்டுப் பக்கத்தின் கீழே ஒற்றைக் காலத்தில் நான்கு அங்குலம் காலியாக இருந்தது. ஏஜென்சியில் வந்து குவிந்தவற்றில் ஈராக்கிலிருந்து ஒரு சின்னச் செய்தி கண்ணில் பட்டது. ரமாதியில் உள்ள அமெரிக்க மரைன் படை (கடலிலிருந்து தரையிறங்கிச் சண்டையிடும் படைப்பிரிவு) முகாம் கொடுத்த அறிக்கை. முந்தைய நாள் ஹதீதா என்ற ஊரில் சாலையோரக் குண்டு வெடித்து ஒரு மரைன் வீரரும் 15 பொதுமக்களும் இறந்தார்கள், உடனே துப்பாக்கி ஏந்தியவர்கள் படை வாகனங்களைத் தாக்கினார்கள், ஈராக் ராணுவத்தினரும் மரைன்களும் திருப்பிச் சுட்டதில் 8 கிளர்ச்சியாளர்கள் கொல்லப்பட்டார்கள், ஒருவர் காயம். அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் தமிழாக்கினேன். ‘ஈராக்கில் 8 கிளர்ச்சியாளர் சுட்டுக்கொலை’ என்று தலைப்பு வைத்தேன். ‘அமெரிக்கப் படை தெரிவித்தது’ என்ற இரண்டு சொல் இருந்தால் ஒரு வரி கூடுதலாகி, கட்டத்துக்குள் நிற்கவில்லை. அதை வெட்டினேன்.

நான் செய்த தப்பு அந்த வெட்டுதான். அறிக்கை பொய் என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அது ஒரு தரப்பின் கூற்று என்று தெரியும். அந்த இரண்டு சொல்லை எடுத்ததும் அவர்கள் சொன்னது நாங்கள் சொன்னதாகிவிட்டது. தென்காசியில் நீங்கள் காலையில் காபியோடு படித்தபோது, நடந்த உண்மையாகவே படித்திருப்பீர்கள்.

நடந்தது இது. காலை ஏழேகால் மணிவாக்கில் குண்டு வெடித்து ஒரு மரைன் வீரர் இறந்தார், அது உண்மை. அதன் பிறகு, அந்த வழியாக வந்த ஒரு டாக்ஸியிலிருந்த நான்கு மாணவர்களையும் ஓட்டுநரையும் மரைன்கள் சுட்டுக் கொன்றார்கள். பக்கத்து வீடுகளுக்குள் நுழைந்து 19 பேரைக் கொன்றார்கள். பெண்கள், சிறு குழந்தைகள், சக்கர நாற்காலியில் இருந்த 76 வயது முதியவர். மொத்தம் 24 பேர். குண்டு வெடித்து இறந்த ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. அறிக்கையில் இருந்த 15-ஐயும் 8-ஐயும் கூட்டிப் பாருங்கள், 23 வரும். இறந்தவர்களை எண்ணக்கூடச் சரியாக எண்ணவில்லை.

மறுநாள் அந்த ஊர் இதழியல் மாணவர் ஒருவர் வீடுகளுக்குள் போய் வீடியோ எடுத்தார். தரையிலும் சுவரிலும் ரத்தம், பிணவறையில் உடல்கள். அந்த வீடியோ ஒரு ஈராக்கிய மனித உரிமைக் குழு வழியாக ‘டைம்’ வார இதழுக்குப் போனது. அவர்கள் விசாரித்து, ராணுவத்திடம் கேட்டு, 2006 மார்ச்சில் வெளியிட்டார்கள். அதற்குள் நான்கு மாதம். இந்த இடைவெளியில் ராணுவம் இறந்தவர்களில் 15 பேரின் குடும்பங்களுக்கு ஆளுக்கு 2,500 டாலர் கொடுத்திருந்தது. காசு கொடுக்கத் தெரிந்தவர்கள் அறிக்கையைத் திருத்தவில்லை.

எட்டு மரைன்கள் மேல் வழக்குப் போட்டார்கள். ஆறு பேர் மேலிருந்த வழக்கு கைவிடப்பட்டது, ஒருவர் விடுதலையானார். கடைசி ஆள் 2012 ஜனவரியில் கடமை தவறியதாக ஒப்புக்கொண்டார், பதவியைக் குறைத்தார்கள். ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. அன்று மரைன்களே எடுத்த படங்களை ராணுவம் வெளியே விடவில்லை. பத்திரிகையாளர்கள் வழக்குப் போட்டு வாங்கி, இறந்தவர்களின் உறவினர்களிடம் அனுமதி பெற்று, 2024 ஆகஸ்டில் ‘நியூ யார்க்கர்’ சிலவற்றை வெளியிட்டது. கிட்டத்தட்ட பத்தொன்பது வருஷம் கழித்து. அந்தப் படங்களைப் பார்த்த அன்று, என் நான்கு அங்குலச் செய்தி மறுபடி கண்முன் வந்தது. இந்தப் பத்தியை எழுத வைத்ததே அதுதான்.

படையுடனேயே போன நிருபர்கள் ராணுவத்தின் ஊதுகுழல்கள்தானே?
– வாசகர், ஈரோடு

அப்படி ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். 2003 படையெடுப்பின்போது 600-க்கும் மேற்பட்ட நிருபர்களைப் படைப்பிரிவுகளோடு சேர்த்து அனுப்பினார்கள். ஒரே வண்டியில் பயணம், ஒரே சாப்பாடு, குண்டு விழுந்தால் ஒரே பள்ளம். பக்கத்தில் இருப்பவன் துப்பாக்கிதான் உங்கள் உயிரைக் காக்கிறது. அந்த நிலையில் அவன் பார்வை உங்களுக்குள் வருவது மனித இயல்பு.

ஆனாலும் 2004 நவம்பரில், பாக்தாதுக்கு மேற்கே உள்ள ஃபலூஜா நகரில், மரைன்களோடு போன கெவின் சைட்ஸ் என்ற தொலைக்காட்சி நிருபர், பள்ளிவாசலுக்குள் காயம்பட்டுக் கிடந்த ஓர் ஈராக்கியரை ஒரு மரைன் சுட்டுக் கொல்வதைப் படம்பிடித்தார். படத்தை ஒளித்து வைக்கவில்லை. தன்னோடு இருந்த படைவீரர்களுக்கு, ஏன் இதை வெளியிட்டேன் என்று ஒரு திறந்த மடலும் எழுதினார். படையோடு போகாதிருந்தால் அந்தக் காட்சி உலகத்துக்குத் தெரிந்தே இருக்காது.

என் கவலை வேறு. எதிர்ப்பக்கம் யார் இருந்தார்கள்? அதே வருஷம் ஏப்ரலில் ஃபலூஜா முதல் முறை முற்றுகையிடப்பட்டபோது, ஊருக்குள் இருந்து காட்டியது கத்தார் நாட்டுத் தொலைக்காட்சியான அல் ஜஸீரா. மருத்துவமனையில் கிடந்த குழந்தைகளைக் காட்டியது. அது கொடியது, தவறானது, மன்னிக்க முடியாதது என்று ரம்ஸ்ஃபெல்ட் கண்டித்தார். ஆகஸ்டில் ஈராக் இடைக்கால அரசு அதன் பாக்தாத் அலுவலகத்தை மூடியது. நவம்பரில் இரண்டாவது தாக்குதல் தொடங்கியபோது படைகள் முதலில் பிடித்தது எதைத் தெரியுமா? ஊரின் பொது மருத்துவமனையை. ஏப்ரலில் சாவு எண்ணிக்கை அங்கிருந்துதான் வெளியே வந்துகொண்டிருந்தது. எண்ணுகிற இடமும் காட்டுகிற கேமராவும் இல்லாமல் போனபின், எங்கள் டெஸ்க்குக்கு வந்தது ஒரே பக்கத்துக் கணக்கு.

சதாம் சிலை விழுந்த படம் நினைவிருக்கும். 2003 ஏப்ரல் 9, ஃபிர்தௌஸ் சதுக்கம். நாங்களும் முதல் பக்கத்தில் நான்கு காலம் அகலத்தில் போட்டோம். சிலையை இழுத்தது அமெரிக்க ராணுவத்தின் மீட்பு வண்டி. உயரத்திலிருந்து எடுத்த படத்தில் சதுக்கத்தின் பெரும்பகுதி காலி. வெளிநாட்டு நிருபர்கள் தங்கியிருந்த பாலஸ்தீன் ஹோட்டல் அந்தச் சதுக்கத்திலேயே இருந்ததால் கேமராக்கள் எல்லாம் தயாராக அங்கே நின்றன. முந்தைய நாள், ஏப்ரல் 8, அதே ஹோட்டலின் மேல் அமெரிக்க டாங்கி சுட்டதில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் தாராஸ் புரோட்சுக், ஸ்பெயின் தொலைக்காட்சியின் ஹோசே கோஸோ என்ற இரண்டு ஒளிப்பதிவாளர்கள் இறந்தார்கள். அன்றே அல் ஜஸீரா அலுவலகத்தின் மேல் குண்டு விழுந்து நிருபர் தாரிக் அய்யூப் இறந்தார். எட்டாம் தேதிச் செய்தி எங்கள் பேப்பரில் உள்பக்கம். ஒன்பதாம் தேதிப் படம் இன்றும் எல்லோர் மனதிலும்.

போரை எதிர்த்த அமெரிக்க எம்.பி.க்களை ‘தேசத்துரோகி’ என்றார்களாமே?
– வழக்கறிஞர், நாகர்கோவில்

துரோகி என்ற சொல்லைவிட அங்கே ‘கோழை’ என்ற சொல்தான் அதிகம் சுட்டது. 2005 நவம்பர் 17-ல் பென்சில்வேனியா எம்.பி. ஜான் மர்த்தா, படைகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார். அவர் சாதாரண ஆள் இல்லை. மரைன் படையிலும் அதன் ரிசர்விலுமாக 37 வருஷம் இருந்தவர், வியட்நாமில் சண்டையிட்டவர், 2002-ல் இந்தப் போருக்கு ஆதரவாக வாக்களித்தவர். மறுநாள் ஜீன் ஷ்மிட் என்ற புதிய உறுப்பினர் சபையில் எழுந்து, ஒரு மரைன் கர்னல் சொல்லி அனுப்பியதாக, “கோழைகள்தான் பாதியில் ஓடுவார்கள், மரைன்கள் ஓட மாட்டார்கள்” என்றார். சபையில் பெரும் கூச்சல். பிறகு சொன்னதைத் திரும்பப் பெற்றார். அன்றிரவே, படைகளை உடனே திரும்பப் பெறும் தீர்மானம் ஒன்றை ஆளும் கட்சியே தங்கள் வார்த்தையில் எழுதிக் கொண்டுவந்து, 403-க்கு 3 என்று தோற்கடித்தது. எதிர்க்கட்சியை மாட்டிவைக்கிற ஏற்பாடு அது.

மூன்று நாள் அந்த நாட்டுத் தொலைக்காட்சிகளில் பேச்செல்லாம் யார் யாரைக் கோழை என்றது என்பதுதான். வாஷிங்டனில் அந்த வாக்கெடுப்பு 18-ஆம் தேதி இரவு. ஹதீதாவில் குண்டு வெடித்தது 19-ஆம் தேதி காலை. இரண்டு ஊர்க் கடிகாரத்துக்கும் எட்டு மணி நேரம் வித்தியாசம். கணக்குப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு நெருக்கம் என்று புரியும். ஆறு மாதம் கழித்து ஹதீதாவில் நடந்தது பச்சைப் படுகொலை என்று வெளிப்படையாகச் சொன்னவர்களில் ஒருவர் அந்த ‘கோழை’ மர்த்தாதான்.

அமெரிக்க வீரர்களின் சவப்பெட்டிகளைக்கூடக் காட்டவில்லையே, ஏன்?
– முன்னாள் ராணுவ வீரர், வேலூர்

1991-லிருந்தே தடை இருந்தது. உடல்கள் வந்து இறங்கும் அமெரிக்காவின் டோவர் விமானத் தளத்தில் படமெடுக்கக் கூடாது. 2004 ஏப்ரலில், குவைத்தில் சரக்கு விமானத்துக்குள் கொடி போர்த்திய சவப்பெட்டிகள் வரிசையாக இருக்கும் படம் ஒன்று சியாட்டில் நாளிதழில் வந்தது. அதை எடுத்த, குவைத்தில் சரக்கு வேலை பார்த்த ஊழியருக்கு வேலை போனது. அதே மாதக் கடைசியில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டெட் காப்பல் தன் நிகழ்ச்சியில் இறந்த 700-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துப் படமும் காட்டினார். அது அரசியல் என்று சொல்லி, பல தொலைக்காட்சி நிலையங்களை வைத்திருந்த சின்க்ளேர் நிறுவனம் தன் நிலையங்களில் அந்த நிகழ்ச்சியை ஒளிபரப்ப மறுத்தது. 2009-ல்தான், குடும்பம் சம்மதித்தால் எடுக்கலாம் என்று தடை தளர்ந்தது. நீங்கள் ராணுவத்தில் இருந்தவர். கார்கிலிலிருந்து வந்த உடல்களை ஊரே நின்று வணங்கியதைப் பார்த்திருப்பீர்கள். இறந்தவன் முகத்தை மறைப்பது அவனுக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் குவைத்தில் லாரி ஓட்டினார். 2004-ல் இந்திய டிரைவர்களைக் கடத்தியபோது ஆறு வாரம் நான் தூங்கவில்லை. இவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.
– வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 2004 ஜூலை 21-ல் ஒரு குவைத் நிறுவனத்தின் ஏழு ஓட்டுநர்களைக் கடத்தினார்கள். மூன்று இந்தியர், மூன்று கென்யர், ஓர் எகிப்தியர். செப்டம்பர் 1-ல் விடுதலையானார்கள். பஞ்சாபிலும் இமாச்சலத்திலும் அவர்கள் வீட்டு முற்றத்தில் கேமராக்கள் காத்துக் கிடந்தன. அந்த விடுதலைக்கு முந்தைய நாள்தான், சமையல், துப்புரவு வேலைக்கென்று போன பன்னிரண்டு நேபாளிகள் கொல்லப்பட்ட செய்தி வந்தது. காத்மாண்டு பற்றி எரிந்தது. எங்கள் பேப்பரில் நம்மவர் விடுதலை முதல் பக்கம், நேபாளிகள் எட்டாம் பக்கம். வயிற்றுப்பாட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் என்று அன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

இதில் ஒரு மொழிபெயர்ப்புப் பிழையும் உண்டு. 2004 மார்ச் 31-ல் ஃபலூஜாவில் நான்கு அமெரிக்கர்களைக் கொன்று, எரித்து, இரண்டு உடல்களைப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். கொடூரம். ஏஜென்சிக்காரர்கள் அவர்களைக் ‘காண்ட்ராக்டர்’ என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் அப்படியே ‘ஒப்பந்தக்காரர்கள்’ என்று போட்டோம். நம் ஊரில் ஒப்பந்தக்காரர் என்றால் ரோடு போடுகிறவர், பாலம் கட்டுகிறவர். ஆனால் அவர்கள் பிளாக்வாட்டர் என்ற தனியார் நிறுவனத்தின் ஆயுதமேந்திய காவலர்கள், முன்னாள் ராணுவத்தினர். அன்று அவர்கள் காவலுக்குப் போனது சமையலறைச் சாமான்கள் ஏற்றப் போன லாரிகளுக்கு. துப்பாக்கி வைத்திருந்தவருக்கும் அந்தப் பெயர், கரண்டி பிடித்தவருக்கும் அந்தப் பெயர். உங்கள் கணவர் போன்றவர்களுக்கு அந்தச் சொல்லால் எவ்வளவு ஆபத்து என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அந்தப் பாலத்தின் படம் உலகமெங்கும் முதல் பக்கம். அதே ஊரில் 2003 ஏப்ரல் 28-ல், பள்ளிக்கூடத்தில் முகாமிட்டிருந்த படையைக் காலி செய்யச் சொல்லிக் கூடிய கூட்டத்தின் மேல் சுட்டதில் 17 பேர் இறந்ததாக மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்தது. தங்களை முதலில் சுட்டதாகப் படையினர் சொன்னார்கள். அது எங்கள் பேப்பரில் இரண்டு வரி.

செய்தித்தாளுக்கே காசு கொடுத்துச் செய்தி போட வைத்தார்கள் என்பது உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

உண்மை. ஹதீதாவுக்குப் பதினோரு நாள் கழித்து, 2005 நவம்பர் 30-ல் ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ அதை வெளிக்கொண்டுவந்தது. அமெரிக்க ராணுவத்தினர் எழுதிய செய்திகளை லிங்கன் குரூப் என்ற நிறுவனம் அரபியில் மொழிபெயர்த்து, பாக்தாத் பத்திரிகைகளில் பணம் கொடுத்து, உள்ளூர் நிருபர் எழுதியதுபோல் வெளியிட்டது. அதைப் படித்த இரவு நான் நினைத்தது அந்த மொழிபெயர்ப்பாளரை. அவரும் என்னைப்போல ஒரு மேசையில் உட்கார்ந்துதானே எழுதியிருப்பார்.

நான் கல்யாண வீட்டுப் போட்டோகிராஃபர். கேமராவை ஆயுதம் என்று நினைத்துப் பத்திரிகையாளரைச் சுட்டதாகப் படித்தேன். அப்படியுமா நடக்கும்?
– வாசகர், மதுரை

நடந்தது. 2007 ஜூலை 12, கிழக்கு பாக்தாத். ராய்ட்டர்ஸின் புகைப்படக்காரர் நமீர் நூர்எல்தீன், வயது 22. அவருடைய ஓட்டுநரும் உதவியாளருமான சயீத் சமாக், வயது 40. தெருவில் ஆண்கள் சிலரோடு நடந்து போனார்கள். அவர்களில் ஓரிருவரிடம் ஆயுதமும் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேலே பறந்த அப்பாச்சி ஹெலிகாப்டரில் இருந்தவர்களுக்கு நமீரின் நீண்ட லென்ஸ் ராக்கெட் லாஞ்சராகத் தெரிந்தது. சுட்டார்கள். காயத்தோடு தவழ்ந்த சயீதைத் தூக்க ஒரு வேன் வந்து நின்றது. அதையும் சுட்டார்கள். வேனுக்குள் இரண்டு குழந்தைகள். அவர்கள் பிழைத்தார்கள், அப்பா இறந்தார்.

அன்றிரவு ராணுவம் கொடுத்த அறிக்கையில் இறந்தவர்கள் பதினொருவர்: ஒன்பது கிளர்ச்சியாளர்கள், இரண்டு பொதுமக்கள். மறுபடியும் அந்தச் சொல். மறுபடியும் ஓர் எண். ஹெலிகாப்டர் எடுத்த வீடியோவை ராய்ட்டர்ஸ் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டது, கிடைக்கவில்லை. 2010 ஏப்ரலில், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் இணையதளம் வெளியிட்ட பிறகுதான் உலகம் பார்த்தது.

2003-லிருந்து 2011 வரை ஈராக்கில் குறைந்தது 150 பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டதாக, பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவின் கணக்கு. பெரும்பாலோர் ஈராக்கியர்கள். அவர்களில் பலரைத் தேடிப்பிடித்துக் கொன்றவர்கள் ஆயுதக் குழுக்கள்தான். 2006-க்குப் பிறகு வெளிநாட்டு நிருபர்கள் ஹோட்டலை விட்டு வெளியே வருவதே அபூர்வமாகிவிட்டது. தெருவுக்குப் போய்ப் பார்த்து வந்து சொன்னவர் உள்ளூர்க்காரர். செய்தியின் மேல் இருந்த பெயர் பல நேரம் வேறு ஒருவருடையது.

பத்திரிகைகள் எப்போதாவது மன்னிப்புக் கேட்டனவா? உங்கள் பத்திரிகை?
– கல்லூரிப் பேராசிரியை, புதுச்சேரி

2004 மே 26-ல் ‘நியூ யார்க் டைம்ஸ்’, போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட சதாமின் பேரழிவு ஆயுதங்கள் பற்றித் தாங்கள் வெளியிட்ட பல செய்திகளைப் போதிய அளவு சோதிக்காமல் போட்டதாக எழுதியது. பொய்யான தகவல்கள் முதல் பக்கத்தில் வந்தன, அந்த ஒப்புதல் உள்பக்கத்தில் வந்தது. ஆகஸ்டில் ‘வாஷிங்டன் போஸ்ட்’டும் இதே பாதையில் தன்னைத்தானே விசாரித்து ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. நைட் ரிட்டர் செய்தித்தாள் நிறுவனத்தின் நிருபர்கள் ஜோனதன் லாண்டே, வாரன் ஸ்ட்ரோபெல் இருவருக்கும் அந்த அவசியம் வரவில்லை. மேலிடத்தில் கேட்காமல், கீழ்நிலை அதிகாரிகளிடமும் உளவுத்துறை ஆட்களிடமும் கேட்டு, போருக்கு முன்பே சந்தேகத்தை எழுதியவர்கள் அவர்கள்.

எங்கள் பத்திரிகையில், 2006 மார்ச்சில் ‘டைம்’ இதழை மேற்கோள் காட்டி ஹதீதா பற்றிப் பெரிதாகவே நான் எழுதினேன். நவம்பரில் போட்ட நான்கு அங்குலத்துக்கு ஒரு திருத்தம் போடலாமா என்று கேட்டேன். “நாலு மாசம் முன்னாடி போட்டது, யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?” என்றார்கள். நானும் அதோடு விட்டுவிட்டேன். வற்புறுத்தியிருக்க வேண்டும். அந்தப் பத்திரிகையில் இப்போது எனக்கு இடமில்லை. இந்தப் பத்தியில் இருக்கிறது. ஆசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

திருத்தம்: 2005 நவம்பரில் ‘ஈராக்கில் 8 கிளர்ச்சியாளர் சுட்டுக்கொலை’ என்று நான் மொழிபெயர்த்து வெளியான செய்தி தவறு. நவம்பர் 19-ஆம் தேதி ஹதீதாவில் சாலையோரக் குண்டு வெடித்து இறந்தவர் ஓர் அமெரிக்க மரைன் வீரர் மட்டுமே. மற்ற 24 பேர், பெண்களும் குழந்தைகளும் ஒரு முதியவரும் மாணவர்களும் ஒரு டாக்ஸி ஓட்டுநரும் உட்பட, அதன் பின் மரைன்களால் கொல்லப்பட்ட அந்த ஊர் மக்கள். 8 கிளர்ச்சியாளர்கள் என்பது அமெரிக்கப் படை தெரிவித்தது.